வாயில் ஒரு கல்: வாசகர் கேள்விகள், ஓவியர் பதில்கள்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் என் ஓவியம் ஒன்று வெளியானது. பெயர் 'வாயில் ஒரு கல்'. பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் நம்மை நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உதடுகள் மூடியிருக்கின்றன. வலது கன்னம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கிறது. மடியில் வழவழப்பான கூழாங்கற்கள். காலடியில் அதே நிறத்தில், ஆனால் முனை முனையாக உடைந்த கற்கள். பின்னால் வெறும் சாம்பல் நிறச் சுவர். அவ்வளவுதான் படம்.

வந்த கடிதங்களையெல்லாம் ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்து, "நீங்களே பதில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன். அவற்றில் ஒரு கடிதம் என்னை மறுபடியும் தூரிகையை எடுக்க வைத்துவிட்டது. அதற்கு வரும்போது சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் வாயில் உண்மையிலேயே கல்தானா? படத்தின் பெயரைப் படிக்காமல் இருந்தால் பல்வலி என்றுதான் நினைத்திருப்பேன்.
(வாசகர், ஓய்வுபெற்ற செவிலியர்)

கல்தான். படத்தில் இருப்பவர் என் அக்கா. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வேலையிடத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். பதினொரு வருடம். அவர் கத்தியதில்லை, திட்டியதில்லை. அக்கா எழுதிக் கொண்டுபோகும் அறிக்கையைக் கையில் வாங்குவார். புரட்டிக்கூடப் பார்க்காமல் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்பார். எல்லோர் முன்னாலும் சொல்வார். தினமும்கூட இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. இதை ஒரு புகாராக எழுத முயன்று பாருங்கள். எழுதி முடித்துப் படித்தால் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று நமக்கே தோன்றிவிடும். அந்தக் கொடுமை வேலை செய்யும் விதமே அதுதான்.

மென்று முழுங்கினாள் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அது சரியான சொல்லாகப் படவில்லை. முழுங்கினால் உள்ளே போய்விட வேண்டும் இல்லையா? இது போகவில்லை. மாலையில் வந்து உட்கார்ந்து பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவர் வாய் ஒரு கணம் நிற்கும். உள்ளே எதையோ ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி பேசுகிற மாதிரி. நான் வரைய விரும்பியது அந்த ஒரு கணத்தைத்தான். ஒதுக்குவது என்றால் கன்னத்தில்தானே ஒதுக்க முடியும். எதை என்று யோசித்தபோது, "மனசைக் கல்லாக்கிக்கோ" என்று அவரிடம் நான் உட்பட எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. கல் அப்படித்தான் படத்துக்குள் வந்தது.

பொறுத்துப் போகிறவரின் படம் என்கிறீர்கள். ஆனால் முகத்தில் வேதனையே தெரியவில்லையே? இவ்வளவு அமைதியாக இருந்தால் பார்ப்பவருக்கு எப்படிப் புரியும்?
(கல்லூரி மாணவி உட்பட ஐந்து பேர்)

தெரிகிறது, ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் இல்லை. படத்தில் காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தைப் பாருங்கள். ஒரு சின்ன மேடு இருக்கும். பல்லைக் கடிக்கும்போது மெல்லும் தசை அங்கேதான் திரண்டு எழும். உங்கள் விரலை அங்கே வைத்துக் கடித்துப் பார்த்தால் தெரியும். அடுத்து, முகவாய். அதன் நடுவில் தோல் சுருங்கிச் சின்னச் சின்னக் குழிகளாக இருக்கிறது. அழுகையை அடக்கும்போது கீழுதட்டை மேலே தள்ளும் தசை செய்கிற வேலை அது. அழப்போகிற குழந்தையிடம் எளிதாகப் பார்க்கலாம். பெரியவர்களிடம் அரை நொடிதான் வந்து போகும். மூன்றாவது இடம் கழுத்து. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக இறங்கும் தசை இரண்டு பக்கமும் சற்று விறைத்திருக்கிறது.

இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. கண்ணையும் புருவத்தையும் வேண்டுமென்றே நிதானமாக விட்டேன். பொறுத்துக்கொள்கிறவர்கள் முதலில் காவல் போடுவது கண்ணுக்கும் புருவத்துக்கும்தான், ஏனென்றால் எதிரில் இருப்பவர் அங்கேதான் பார்ப்பார். தாடையை யாரும் கவனிப்பதில்லை. அதனால் உண்மை அங்கே போய்த் தங்கிவிடுகிறது.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ரோமில் 1506இல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த லாவோகூன் என்ற பளிங்குச் சிலை இருக்கிறது. இப்போது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு பூசாரியையும் அவருடைய இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கின்றன. உடம்பு முழுக்க முறுக்கேறி நிற்கிறது. ஆனால் வாய் பாதிதான் திறந்திருக்கிறது. பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய காவியத்தில் இதே மனிதர் வானம் அதிர அலறுகிறார். சிலையில் ஏன் அலறவில்லை? உயர்ந்த உள்ளம் கொண்டவர், அதனால் வலியை அடக்குகிறார் என்று ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மன் சொன்னார். ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766இல் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். வலி வந்தால் அலறுவது இழிவு இல்லை. சிற்பத்தில் அகலத் திறந்த வாய் வெறும் பள்ளமாகிவிடும் என்பதால்தான் சிற்பி அதைத் தவிர்த்தார் என்பது அவர் வாதம். உச்சத்தைக் காட்டிவிட்டால் பார்ப்பவரின் கற்பனைக்கு மேற்கொண்டு போக இடமில்லை, அதற்கு ஒரு படி முன்னாலேயே நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு லெஸ்ஸிங் சொன்னதுதான் பிடித்திருக்கிறது. விங்கெல்மனின் பேச்சில், அலறாதவர் உயர்ந்தவர் என்றால் அலறுகிறவர் தாழ்ந்தவர் என்ற முடிவும் ஒளிந்திருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு படைப்பையும் சொல்ல வேண்டும். கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போரில் இறந்தான். வயது 18. அவனுக்காக அவர் செய்யத் தொடங்கிய நினைவுச்சின்னம் 1932இல்தான் நிறுவப்பட்டது. மகன் வாழ்ந்த அதே பதினெட்டு வருடம். தாயும் தந்தையும் தனித்தனிப் பீடத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். தாய் முன்னால் கவிழ்ந்திருக்கிறார். தந்தை நிமிர்ந்தே இருக்கிறார், ஆனால் இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கைகளைப் பாருங்கள். முகத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். என் படத்தில் அக்காவின் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறதே, அது அங்கிருந்து கற்றது.

ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். 'சகிப்பு' என்ற தலைப்புக்கு என் அம்மாவை வரைந்து, உதட்டில் பூட்டு, கையில் சங்கிலி, பின்னால் கூண்டுப் பறவை எல்லாம் வைத்தேன். எல்லாமே பழசு என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். புதிய குறியீட்டை எங்கே தேடுவது?

பழசு என்பது அதில் உள்ள குறை இல்லை. 1593இல் ரோமில் சேசரே ரீப்பா என்பவர் ஓவியர்களுக்காக ஒரு குறியீட்டு அகராதி வெளியிட்டார். கோபத்தை எப்படி வரைவது, உண்மையை எப்படி வரைவது, பொறுமையை எப்படி வரைவது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. அதில் பொறுமை என்பவள் ஒரு நடுவயதுப் பெண். கல்லின்மேல் உட்கார்ந்திருப்பாள். தோளில் நுகத்தடி. வெறுங்கால்கள் முள்கட்டின்மேல். நானூறு வருடப் பழசு. ஆனாலும் படிக்கும்போது உள்ளங்கால் கூசுகிறது. ஏன்? அந்தப் பொருள்கள் உடம்பின்மேல் வேலை செய்கின்றன. நுகத்தடிக்குக் கனம் இருக்கிறது, முள்ளுக்குக் கூர் இருக்கிறது, கல்லுக்குக் குளிர்ச்சி இருக்கிறது.

உங்கள் படத்தில் உள்ள பூட்டு உம் அம்மாவின் உதட்டை இழுக்கிறதா? அதன் எடையில் கீழுதடு தொங்குகிறதா? கூண்டுப் பறவைக்கும் அம்மாவின் உடம்புக்கும் ஏதாவது தொடுப்பு உண்டா? இல்லையென்றால் அது படத்தின் பக்கத்தில் எழுதி ஒட்டிய விளக்கச் சீட்டு, அவ்வளவுதான்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1940இல் வரைந்த தன்னுருவம் ஒன்றில் முள்கொடி கழுத்து மாலையாகச் சுற்றியிருக்கிறது. முள் ஏறிய இடத்தில் சிறுசிறு ரத்தத் துளிகள். அந்த மாலையில் செத்த ஓசனிச்சிட்டு ஒன்று தொங்குகிறது. ஒரு தோளுக்குப் பின்னால் குரங்கு, அது அந்தக் கொடியைக் கையில் பிடித்திருக்கிறது. குரங்கு கொஞ்சம் இழுத்தால் முள் இன்னும் இறங்கும் என்பது பார்த்தவுடன் புரிகிறது. இன்னொரு தோளுக்குப் பின்னால் கறுப்புப் பூனை. இத்தனைக்கும் நடுவில் அவர் முகம் அசையவே இல்லை. அங்கே முள் ஒரு 'கருத்து' இல்லை. அது தோலில் குத்துகிறது.

ஆகவே குறியீட்டைப் புத்தகத்தில் தேடாதீர்கள். உங்கள் அம்மாவைப் பாருங்கள். பிடிக்காத ஒன்றைக் கேட்கும்போது அவர் கை என்ன செய்கிறது? சேலைத் தலைப்பைத் திருகுகிறதா, எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறதா, வளையலை மேலே தள்ளுகிறதா? அங்கே ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. அதை எடுத்துக் கொஞ்சம் மிகையாக்குங்கள். போதும்.

மடியில் உள்ள கற்கள் எத்தனை? ஒவ்வொன்றும் ஒரு வருடத்தைக் குறிக்கிறதா?
(மூன்று கடிதங்களில்)

பதினான்கு. மடியில் அத்தனைதான் பிடித்தன. எண்ணுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. நீங்கள் ஓர் அர்த்தம் கொடுத்தால் அதைப் பிடுங்கவும் மாட்டேன். ஃபின்லாந்து ஓவியர் ஹ்யூகோ சிம்பெர்க் 1903இல் கண்கட்டிய, சிறகில் அடிபட்ட ஒரு தேவதையை இரண்டு சிறுவர்கள் தூக்கிக்கொண்டு போவதாக வரைந்தார். அந்தப் படத்துக்கு விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார். அவருக்கு இருந்த அந்த உறுதி எனக்கு இல்லை, கேட்டால் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லத் தேவையில்லாத இடத்தில் அவர் வழியில் நிற்க ஆசைப்படுகிறேன்.

கோபத்தோடு எழுதுகிறேன். 'நஞ்சுண்டு அமைவர்' என்று வள்ளுவரைச் சொல்லியே எங்கள் வாயை அடைத்தார்கள். இப்போது நீங்களும் வாயில் கல்லோடு இருக்கும் ஒரு பெண்ணை இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறீர்கள். பொறுமையை இன்னும் எத்தனை நாள் கொண்டாடுவீர்கள்?
(வாசகி, இரண்டு பெண்களின் தாய்)

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பாதி உங்களிடம் நியாயம் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மறுபாதி.

அந்தக் குறளைச் சொல்லி வாயடைப்பவர்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். 'பெயக்கண்டும்' என்று தொடங்குகிறது. நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்க்கிறார். தெரிந்தே உண்கிறார். யார் அப்படி உண்பவர்? 'நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்'. வேண்டுபவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். தானாக விரும்பி அந்தப் பண்பைக் கைக்கொள்கிறவர். உண்ணாமல் எழுந்து போகவும் முடிகிற ஒருவர். வாயைத் திறந்து பிடித்து ஊற்றப்படுகிற ஒருவரைப் பற்றிய குறள் இல்லை அது. அக்காவுக்கு அந்த வேலையை விட்டால் அடுத்த மாதம் எப்படி என்று தெரியாது. அவர் வேண்டுபவர் இல்லை. வேறு வழி இல்லாதவர். இந்த இரண்டு பேரையும் ஒரே 'பொறுமைசாலி' என்ற பட்டத்தில் போட்டு மூடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு.

அந்தக் குறள் இருக்கும் அதிகாரம் கண்ணோட்டம் என்பதையும் ஓர் ஓவியராகச் சேர்த்துச் சொல்ல ஆசை. கண் இன்னொருவர்மேல் இரக்கத்தோடு ஓடுவதைப் பற்றிய அதிகாரம். அக்காவைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அலுவலகத்தில் ஒரு கண்கூட அப்படி ஓடவில்லை. ஆகவே படத்தில் அவரை நேராக உங்களைப் பார்க்க வைத்தேன். பக்கவாட்டில் திருப்பியிருந்தால் படம் இன்னும் அழகாக இருந்திருக்கும், கன்னத்தின் புடைப்பும் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் பார்ப்பவர் தப்பித்துவிடுவார்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம். முதல் வடிவத்தில் அவர் தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வைத்திருந்தேன். ஓவியமாக அது நன்றாகத்தான் இருந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னை சாமி ஆக்காதடி. சாமிக்கு வலிக்காதுன்னு நினைச்சுப்பாங்க" என்றார். அன்றே சாம்பல் பூசி மூடினேன். அதோடு கொண்டாட்டம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை. நீங்கள் உணர்ந்தது சரி. அது இன்னும் படத்தில் ஓர் இடத்தில் இருக்கிறது. மடியில் உள்ள அந்த வழவழப்பில் இருக்கிறது. கடைசிக் கேள்வியில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

பொறுத்துக்கொள்கிறவர் என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? ஆண்களை யாரும் இப்படி வரைந்ததில்லையா?
(வாசகர், ஓட்டுநர்)

வரைந்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா 1819இல் கடுமையாக நோயுற்றார், வயது 73. பிழைத்த பிறகு, 1820இல், தன்னைக் காப்பாற்றிய மருத்துவர் அர்ரியெத்தாவுக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தார். மருத்துவர் பின்னாலிருந்து அவரைத் தாங்கி, ஒரு குவளையை வாயருகே கொண்டுவருகிறார். கோயாவின் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. கைகள் போர்வையைப் பற்றியிருக்கின்றன. படத்தின் அடியில் மருத்துவருக்கு நன்றி எழுதியிருக்கிறார். பொறுத்துக்கொண்டவரையும், அவரைத் தோளில் தாங்கியவரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த படம். எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் அன்பான படம் அதுதான்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இங்கே அச்சிடவில்லை. அதில் நீங்கள் எழுதியிருப்பதை யாராவது ஒருவரிடமாவது வாயால் சொல்லுங்கள். ஒருவர் போதும்.

கழுத்துப் பகுதியில் தோல் கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது. அச்சுக் கோளாறா?

இல்லை, அப்படித்தான் வரைந்தேன். இத்தாலியில் பழைய ஓவியர்கள் முகத்துக்குத் தோல்நிறம் பூசும் முன் அடியில் பச்சை மண் நிறம் ஒன்றைப் பூசுவார்கள். மேலே வரும் இளஞ்சிவப்பு, அந்தப் பச்சைக்கு மேல் உயிரோடு தெரியும். சென்னினோ சென்னினி என்பவர் இந்த முறையை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மேல்பூச்சு தேய்ந்துபோன பழைய பலகைகளில் புனிதர்களின் முகமெல்லாம் பச்சையாக இருப்பது இதனால்தான். அக்காவின் கழுத்தில் மட்டும் மேல்பூச்சை மெல்லிசாக விட்டேன். தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று சொல்லும் இடம் அது.

எனக்கு 58 வயது. உங்கள் படத்தைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்ன பொறுத்தேன் என்று எழுத மாட்டேன். நானும் என்னை இப்படி வரைந்து பார்க்க முடியுமா? தூரிகை பிடித்ததே இல்லை.

முடியும். உங்களுக்குத்தான் நீளமாகப் பதில் எழுத ஆசை.

முதலில் ஒன்று கேட்கிறேன், அம்மா. அது முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா? இன்னும் நடக்கிறது என்றால், யாராவது உங்கள் மேல் கை வைக்கிறார்கள் அல்லது பயமுறுத்துகிறார்கள் என்றால், ஓவியம் இரண்டாவது வேலை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பாதுகாப்பான இடத்துக்குப் போவது முதல் வேலை. படம் காத்திருக்கும்.

முடிந்துவிட்டது என்றால், ஒரு கண்ணாடியும் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீடா காலோவும் முதலில் ஓவியர் ஆக நினைத்தவர் இல்லை, மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். 1925 செப்டம்பரில் அவர் போன பேருந்து விபத்துக்குள்ளானது. வயது 18. முதுகெலும்பு, இடுப்பு, கால் எல்லாம் உடைந்து மாதக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே வரைய அவருடைய அம்மா ஒரு தாங்கி செய்து கொடுத்தார். கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தினார்கள். அதில் தெரிந்த முகத்தை வரைந்துதான் தொடங்கினார். பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாத ஒரு நேரத்தில் அவர் கையில் அந்த ஒரு வேலை இருந்தது.

கண்ணிலிருந்து தொடங்காதீர்கள். கண்ணை வரையத் தொடங்கினால் 'நன்றாக வரவில்லை' என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள். கழுத்திலிருந்து தொடங்குங்கள். அல்லது கைகளிலிருந்து. எவ்வளவு நேரம் பிடித்தாலும் அழிப்பானைத் தொடாதீர்கள். கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள், முதல் கோடும் இருக்கட்டும். அப்புறம், அந்த வருடங்களில் உங்கள் கையில் அடிக்கடி இருந்த ஒரு பொருளை நினைத்துப் பாருங்கள். சாவிக்கொத்தோ, மூக்குக் கண்ணாடியோ, ஒரு துணியோ. அதை எங்கே வைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்கு அனுப்ப நினைத்தால் அனுப்புங்கள். திருத்தம் சொல்ல மாட்டேன், பார்ப்பேன்.

நான் பல் மருத்துவர். படம் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தவறு. காலடியில் உடைந்த கற்கள், மடியில் வழவழப்பானவை. வாயில் வைத்து வைத்துக் கல் மென்மையாகிவிட்டது என்று சொல்ல வருகிறீர்கள். அப்படி நடக்காது. கல் தேயாது, பல்தான் தேயும். கூழாங்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. பல்லின் எனாமல் 5தான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இரவில் பல்லைக் கடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கடைவாய்ப் பற்கள் மேசைபோலத் தட்டையாகிவிடும். எனாமல் போனால் திரும்ப வளராது.

ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆற்றில் கல் வழவழப்பாவது இன்னொரு கல்லோடு உரசி, மணலோடு உரசி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மடியில் அந்தக் கற்களை வரைந்தேன். வரையும்போது ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை வருடம் பொறுத்ததற்கு ஏதோ ஒன்று நல்லபடி மாறியிருக்கிறது, அந்தக் கடுஞ்சொல் அவர் வாயில் உருண்டு உருண்டு முனை மழுங்கிவிட்டது என்று நம்ப விரும்பினேன். மேலே கோபத்தோடு எழுதிய அம்மா கண்டுகொண்டது இதைத்தான். அந்த மேலதிகாரியின் சொற்களில் ஒரு முனைகூட மழுங்கவில்லை. அவர் ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது "கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றால் அக்காவின் தோள் உயர்கிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். படிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்து வைத்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, வெளிச்சத்தைப் பார்த்து வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினார்.

கீழ்வரிசையில் கடைசி இரண்டு பற்கள். நீங்கள் சொன்ன மாதிரியே. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, தட்டையாக இருந்தன. நடுவில் மஞ்சளாக வட்டம் தெரிந்தது. எனாமல் போன இடம் அதுதான் போலும். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவருடைய தங்கையாக இருக்கிறேன், இரண்டு வருடம் அவர் முகத்தை மட்டுமே பார்த்து வரைந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

"நீ வலது பக்கம் போட்டிருக்க. இது இடது பக்கம்டி" என்றார்.

ஆகவே நீங்கள் சென்ற இதழில் பார்த்த படம் இனிமேல் இல்லை. மடியில் உள்ள பதினான்கு கற்களையும் சுரண்டி எடுத்துவிட்டேன். காலடியில் கிடப்பவை போலவே உடைந்த முனைகளோடு மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன், ஒன்பது முடிந்திருக்கிறது. வலது கன்னத்தின் புடைப்பைத் தட்டையாக்கி, இடது கன்னத்துக்குக் கொண்டுபோகிறேன். தாடை மேடும் அந்தப் பக்கம் கூடுதலாகத் தெரிய வேண்டும். எண்ணெய் வண்ணம் வருடங்கள் ஆக ஆகக் கொஞ்சம் ஊடுருவித் தெரியத் தொடங்கும். முதலில் தவறான பக்கம் வைத்த கல்லின் தடம் ஒருநாள் லேசாக வெளியே வரும். வரட்டும் என்று அக்காவும் சொல்லிவிட்டார்.